மூன்றாவது மருந்து

மருந்து விஷயத்தில் நான் பிழை விடுகிற ஆள் இல்லை. இதை நானே சொல்லிக்கொள்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் சுவிஸில், ஓல்டனில் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எங்கள் மாடியில் இருபத்திரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் கிழமைக்கு ஒரு குளிசைப் பெட்டி, ஏழு நாளுக்கும் மாத்திரைகளைப் பிரித்து வைக்கிற பெட்டி. அதை நிரப்புவது தாதி, சரிபார்ப்பது நான். பதினான்கு வருடமாக என் கண்ணைத் தாண்டி ஒரு அரைக் குளிசை கூடப் பிழையாகப் போனதில்லை.

ஒருமுறை அங்கே இருக்கிற ஒரு கிழவியின் மகள், தாய்க்கு மனம் சோர்ந்துபோயிருக்கிறது என்று ஏதோ மஞ்சள் பூவில் போட்ட தேநீரை ஒரு போத்தலில் கொண்டுவந்து ஒவ்வொரு நாளும் குடிக்கக் கொடுத்திருக்கிறாள். கிழவிக்கு இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கிற குளிசை சரியாக வேலை செய்யாமல் போய்விட்டது. டொக்டர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் போத்தலை மூடி திறந்து மணந்து கையும் களவுமாகப் பிடித்தது நான்தான். மகள்காரி, "இது மருந்தில்லையே, வெறும் தேநீர்தானே" என்றாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "வாய்க்குள்ளே போகிற எல்லாமே பட்டியலில் இருக்கவேண்டும். தேநீர் என்றாலும் சரி, தேவாமிர்தம் என்றாலும் சரி" என்று என்னுடைய ஜெர்மன் பாஷையில் ஒரு பாட்டம் கொடுத்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அன்று முழுக்க எனக்கு நடையே வேறு மாதிரி இருந்தது.

என்னுடைய மகளுக்கு நோய் வந்தது ஏழு வயதில். ஒரு வசந்த காலத்தில் காலையில் எழும்பும்போது இமைகள் வீங்கியிருந்தன. பூந்தாது ஒவ்வாமையாக இருக்கும் என்று நினைத்தேன். இந்த நாட்டில் பாதிப் பிள்ளைகளுக்கு அது இருக்கிறது. பிறகு கணுக்காலும் வீங்கியது. சொக்ஸைக் கழற்றினால் அதன் தடம் அப்படியே பள்ளமாகக் கிடந்தது. பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: சிறுநீரகத்தில் இருக்கிற வடிகட்டி பழுதாகி, உடம்பில் நிற்கவேண்டிய புரதம் சிறுநீரோடு போகிறது. கோர்ட்டிசோன் குளிசை கொடுத்தார்கள். இரண்டு கிழமையில் வீக்கம் வற்றிவிட்டது. முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் இந்த நோய்க்குத் திரும்பி வருகிற பழக்கம் இருந்தது. ஒரு தடிமன் பிடித்து மூக்கு ஒழுகினால் போதும், பின்னாலேயே அதுவும் வந்துவிடும்.

அதனால் எங்கள் வீட்டில் பொழுது விடிவது ஒரு சின்னப் பட்டையோடுதான். காலையில் மகள் அதைத் தன் சிறுநீரில் தோய்த்துக் கொண்டுவருவாள். மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பச்சையாக மாறினால் புரதம் போகிறது. நான் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுவேன். அவளுக்குப் பதினொரு வயதாகும்போது அந்தக் கொப்பியில் நான்கு இடங்களில் பச்சை வந்திருந்தது. நான்கு முறையும் கோர்ட்டிசோன் திரும்ப முழு அளவில் தொடங்கியது. அந்தக் குளிசை பிள்ளைக்கு உயிர் கொடுத்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கன்னத்தையும் கொடுத்தது. முகம் உருண்டு, பசி அடங்காமல், வகுப்பில் ஒரு பெடியன் அவளை ஹாம்ஸ்டர், கன்னம் உப்பிய எலி என்று கூப்பிடத் தொடங்கினான். அதற்குப் பிறகு அவள் படம் எடுக்க நிற்பதேயில்லை. வகுப்போடு ஒரு கிழமை மலைக்குப் போய்த் தங்குகிற லாகருக்கும் இரண்டு முறை போக முடியவில்லை. இரண்டு முறையும் போகிற கிழமையில்தான் பட்டை பச்சையானது.

நான்காவது முறைக்குப் பிறகு சிறுநீரக டொக்டர், மெலிந்த உயரமான பெண், எங்களை இருத்திக் கதைத்தார். குளிசையைக் குறைக்கும்போது இன்னொருமுறை வந்தால் இதைவிடக் கடுமையான மருந்துக்குப் போகவேண்டி வரும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கி வைக்கிற மருந்து என்றார். திரும்பி வருகிற ரயிலில் மகள் ஜன்னலோடு சாய்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு முடிவுக்கு வந்தேன். குளிசை தன் வேலையைச் செய்யட்டும். அதற்குப் பக்கத்தில் நிற்க இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

துன் நகரத்தில் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிற என் மச்சாள், கணவருடைய அக்கா, சீன வைத்தியம் பற்றி முன்பே சொல்லியிருந்தாள். சுவிஸ்காரர்களே முதுகுவலிக்கும் தலையிடிக்கும் சீன வைத்தியரிடம் வரிசையில் நிற்கிறார்கள் என்றாள். கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறார். எதையும் நிதானமாகத்தான் கதைப்பார்.

"உமக்கென்ன விசரோ?" என்று நிதானமாகவே கேட்டார். "ஆஸ்பத்திரி மருந்தும் சீன மருந்தும் ஒண்டா வயித்துக்குள்ள போனா என்ன நடக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"அதைத்தான் டொக்டரிட்டக் கேக்கப் போறன்."

"டொக்டரிட்டயோ? ஊரில நாட்டு மருந்து குடுத்தா இங்கிலீசு டொக்டருக்கு மூச்சும் விடமாட்டினம். நீர் போய்ச் சொல்லும், அவ நல்லாப் பேசுவா."

"பேசினாப் பேசட்டும். ஒளிச்சுக் குடுக்கிற பழக்கம் எனக்கில்லை."

சொன்னபடி செய்தேன். டொக்டர் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அது உதவும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கெடுதல் இல்லை என்றும் சொல்லமாட்டேன். சில வேர்கள் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்" என்றார். பிறகு நிபந்தனை போட்டார். தன்னைக் கேட்காமல் ஒரு குளிசையும் கூடவோ குறையவோ கூடாது. சீன வைத்தியர் கொடுக்கிற கலவையில் இருக்கிறதெல்லாம் பெயர் பெயராக எழுதி வரவேண்டும். என்ன மாற்றம் தெரிந்தாலும் முதலில் தனக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும். "நிறையப் பெற்றோர் எனக்குச் சொல்லாமலே கொடுக்கிறார்கள். நீங்கள் சொன்னீர்கள். அதற்கு நன்றி" என்றார். கடைசியில், எழும்பும்போது, "வேறு ஏதாவது குடிக்கிறாளா? மூலிகைத் தேநீர், விற்றமின்?" என்று கேட்டார். "ஒன்றும் இல்லை" என்றேன். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. வெளியே வந்து, கூட வந்திருந்த கணவரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் சப்பாத்து நூலைக் கட்டுகிற சாட்டில் குனிந்துகொண்டார்.

சீன வைத்தியரின் இடம் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில். நரைத்த தலை, மெல்லிய குரல், கறுப்புத் துணிச் சப்பாத்து. அவர் சீனத்தில் கதைக்க, பக்கத்தில் இருந்த ஒரு இளம்பெண் அதை ஜெர்மனில் சொன்னாள். மகளின் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். மகள் சிரிப்பை அடக்கமாட்டாமல் என்னைப் பார்த்தாள். நான் கண்ணை உருட்டினேன். ஆஸ்பத்திரிக் கடிதத்தை அந்தப் பெண் வாசித்துக்காட்ட, அவர் இரண்டு தரம் கேட்டார். பிறகு சொன்னது எனக்குப் பிடித்தது: "இந்தக் குளிசைகள்தான் சுவர். நான் கொடுப்பது சுவருக்குப் பூசுகிற பூச்சு. பூச்சு இருக்கிறது என்று யாரும் சுவரை இடிக்கக்கூடாது."

அவரும் கேட்டார். "வேறு ஏதாவது? தேநீர், கசாயம்?"

"என்ர பிள்ளைக்கு நான் தேத்தண்ணி குடுக்கிறதில்லை" என்று மகளின் பக்கம் திரும்பித் தமிழில் சொல்லிவிட்டு, ஜெர்மனில் இல்லை என்றேன். கண் இமைக்கக்கூட இல்லை.

ஒரு கிழமையில் கலவை வந்தது. சின்னச் சின்னப் பொட்டலங்களில் மண்ணிறத் தூள். சுடுதண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். வேர்களின் லத்தீன் பெயர்கள் எழுதிய தாளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அதைப் பார்த்து டொக்டர் சரி சொன்ன பிறகுதான் முதல் பொட்டலத்தைப் பிரித்தேன். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கிவிட்டு, "நனைஞ்ச மட்டை மாதிரி இருக்கு" என்றாள். நனைந்த மட்டையை எப்போது தின்றாய் என்று கேட்டேன். ஒரு உலர்ந்த முந்திரிப்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடினாள்.

இதற்கிடையில் குளிர்காலத்துக்கு வழக்கமாகச் செய்கிற ஏற்பாடுகளும் வீட்டில் நடந்தன. தடிமன் பிடித்தால் நோய் திரும்பும் என்றால், தடிமன் வாசலுக்கே வரக்கூடாது. இரண்டு சோடி சொக்ஸ். ஹீட்டருக்கு மேல் ஈரத்துணி. பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் கை கழுவல். அதோடு மல்லித்தண்ணி. அதைப் பற்றி என்ன சொல்வது? எங்கள் ஆட்களின் வீட்டில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது என்று யாராவது எழுதுவார்களா? மல்லியை மணக்க வறுத்து, வேர்க்கொம்பு என்கிற சுக்கும் மிளகும் அதிமதுரமும் சேர்த்துக் கிரைண்டரில் அடித்து ஒரு தகரப் பேணியில் போட்டு வைத்திருப்பேன். காலையில் ஒரு கரண்டி போட்டு அவித்து வடித்தால் வீடே மணக்கும். கோர்ட்டிசோன் எடுக்கிற பிள்ளைக்குச் சீனியைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். நான் குறைக்கவில்லை, அடியோடு நிறுத்தினேன். இனிப்புக்கு அதிமதுரத்தைக் கூட்டினேன். முதலில் இரண்டு பங்கு. பிறகு மகளுக்குப் பிடித்துப்போனதால் மூன்று பங்கு. சீனி இல்லாமல் இனிக்கிறது, தொண்டைக்கும் நல்லது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கும் ஒரு சின்ன பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தேன்.

கார்த்திகை போய் மார்கழியும் போனது. ஆரே ஆற்றின் மூட்டம் ஊரை விட்டு விலகவேயில்லை. வகுப்பில் பாதிப் பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, எங்கள் பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட இல்லை. பட்டை ஒவ்வொரு நாளும் மஞ்சள். கோர்ட்டிசோனை ஒன்றைவிட்ட ஒரு நாளுக்குக் குறைத்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மச்சாளுக்கு எடுத்துச் சொன்னேன், வேலையிடத்தில் சொன்னேன், தமிழ்க் கடையில் மல்லி வாங்கும்போது கடைக்காரருக்கும் சொன்னேன். இரண்டு வைத்தியத்தையும் ஒழுங்காகச் சேர்த்து நடத்துவது எப்படி என்று என்னிடம் வந்து படிக்கலாம் என்பது போலத்தான் என்னுடைய கதை இருந்தது.

தைமாதம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாதி மகளின் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றினாள். அமத்திப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். மூன்றாம் தரம் வேறு பட்டி கொண்டுவந்து பார்த்துவிட்டு டொக்டரைக் கூப்பிடப் போனாள்.

பிரஷர் ஏறியிருந்தது. சும்மா இல்லை, பிள்ளையின் வயதுக்கு நல்லாகவே ஏறியிருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருந்தது. கன்னம் வற்றவேண்டிய நேரத்தில் இன்னும் உருண்டிருந்தது. அதை நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறபடியால் கவனிக்கவில்லை. டொக்டர் யோசித்து யோசித்துச் சொன்னார். "குளிசை பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆனால் உடம்பு குளிசையைக் கூட்டியது போல நடக்கிறது." பிறகு ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் கறுப்பு மிட்டாய், லக்ரிட்ஸ், நிறையச் சாப்பிடுகிறாளா?"

"சீ, எனக்கு அதைக் கண்டாலே சத்தி வரும்" என்று மகளே பதில் சொன்னாள்.

"அந்த மிட்டாய் செய்கிற வேர் சீனக் கலவைகளில் வழக்கமாக இருக்கும். உங்கள் தாளில் இல்லை. ஆனால் தாளில் எழுதுவதெல்லாம் முழுமையாக இருக்கும் என்றில்லை" என்றார் டொக்டர். சீனத் தூளை இன்றே நிறுத்தச் சொன்னார். காலையும் மாலையும் வீட்டில் பிரஷர் பார்த்து எழுதவேண்டும். இரண்டு கிழமையில் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துக் காரணம் தேடவேண்டும். பங்குனியில் வகுப்பு லாகர் இருந்தது. அதற்கான அனுமதித் தாளை நான் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். டொக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒப்பமிடாமல் திருப்பித் தந்தார்.

ரயிலில் மகள் பாட்டுக் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து, "அம்மா, அந்தத் தூளை நான் கேக்கேல்லை. நீங்கள்தான் குடிக்கச் சொன்னனீங்கள்" என்றாள். ஒப்பமில்லாத தாளை மடித்துக் கைப்பையின் அடிக்குள் தள்ளினேன்.

தூளை நிறுத்தினேன். ஒரு கிழமை போனது. பிரஷர் இறங்கவில்லை. எட்டாம் நாள் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. ஏன் ஏறாது? தூள் நின்றுவிட்டதே, இனிப் பிள்ளைக்குத் தடிமனிலிருந்து காவல் இல்லையே என்று, மல்லித்தண்ணியை ஒரு கோப்பையிலிருந்து இரண்டாக்கியிருந்தேன். அது அப்போது எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தத் துணிச் சப்பாத்து மனுசன் தாளில் எழுதாத ஒன்றை என் பிள்ளையின் உடம்புக்குள் அனுப்பியிருக்கிறான் என்பதுதான். இரண்டு மாதமாக நான் மரியாதையோடு பேசிவந்த மனுசன் ஒரே நாளில் எனக்கு அவன், இவன் ஆகிவிட்டான்.

அடுத்த நாள் வேலை முடிந்து நேரே அங்கே போனேன். நேரம் குறித்துக்கொண்டு போகவில்லை. அறையில் கதிரையில்கூட இருக்காமல் நின்றபடியே தொடங்கினேன். முதியோர் இல்லத்தில் காது கேட்காதவர்களோடு கதைத்துப் பழகிய ஜெர்மன், அதனால் கீழே பல் வைத்தியருக்கும் கேட்டிருக்கும். நான் நம்பி வந்தேன், நீங்கள் அந்த மிட்டாய் வேரை மறைத்தீர்கள், பிள்ளையை ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கப் போகிறார்கள் என்றெல்லாம் கொட்டித் தீர்த்தேன். மொழிபெயர்க்கிற பெண் என் வசனங்களைப் பாதியாக்கி, மெதுவாக்கிச் சொன்னாள். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு அலுமாரியில் இருந்து மகளின் கோவையை எடுத்து விரித்தார். சீன எழுத்தில் ஒரு பட்டியல். அதில் ஒரு வரி மட்டும் சிவப்புப் பேனையால் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் நாங்கள் முதல் வந்த நாளின் திகதி.

அந்தப் பெண் சொன்னாள்: "தாம் இந்த வேரைப் போடாத கலவையே குறைவு என்கிறார். உங்கள் மகளுக்கு முதல் நாளே வெட்டிவிட்டாராம். கோர்ட்டிசோன் எடுக்கிறவர்களுக்கு இது கூடாதாம். கோர்ட்டிசோனை உடம்பில் கன நேரம் தங்கவைக்கும், பிரஷரையும் ஏற்றும் என்கிறார்."

அவர் எழும்பிப் போய்ச் சுவரோடு இருந்த லாச்சி ஒன்றை இழுத்து, வட்டமாகச் சீவிய மஞ்சள் வேர்த் துண்டுகள் இரண்டைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். இது வேறு எங்காவது, எந்த வடிவத்திலாவது பிள்ளையின் வாய்க்குள் போகிறதா என்று யோசித்துப் பார்க்கச் சொன்னார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மணம் மூக்குக்கு வந்துவிட்டது. முதியோர் இல்லத்தில் அந்தப் போத்தலை மணந்து பிடித்த அதே மூக்கு. ஒரு துண்டை வாயில் வைத்துக் கடித்தேன். முதலில் மரத்தூள் மாதிரி, பிறகு மெல்ல மெல்ல ஊறி நாக்கின் அடிவரைக்கும் இறங்குகிற இனிப்பு. அது என்னுடைய குசினியில், மேல்தட்டில், தகரப் பேணிக்குள் இருக்கிற இனிப்பு. நானே வாங்கி, நானே அடித்து, மூன்று பங்காக்கி, பிளாஸ்கில் ஊற்றிப் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்துவிட்ட இனிப்பு.

"அதிமதுரம்" என்றேன். அவர்கள் இருவருக்கும் விளங்கவில்லை. கதிரையில் இருந்தேன். எத்தனை பேர் என்னைக் கேட்டார்கள்! டொக்டர் கேட்டார், இவர் கேட்டார், அந்த மிட்டாயைப் பற்றியும் கேட்டார்கள். எல்லாருக்கும் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன். பொய் சொல்லவில்லை. மல்லித்தண்ணி என் புத்தியில் மருந்தாகவும் இல்லை, தேநீராகவும் இல்லை. அது எங்கள் வீடு, அவ்வளவுதான். வீட்டை யார் பட்டியலில் எழுதுவார்கள்?

"இது என்னிடம் இருக்கிறது. நான்தான் கொடுக்கிறேன்" என்று கடைசியில் சொன்னேன்.

வைத்தியர் சிரிக்கவில்லை, பழிக்கவும் இல்லை. எவ்வளவு, எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார். ஒரு கோப்பைச் சுடுதண்ணீர் வைத்தார். பிறகு தன் மேசையில் இருந்த தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். அங்கே இருந்தபடியே ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். டொக்டரும் அதே கேள்விகளைத்தான் கேட்டார். இன்றே நிறுத்துங்கள், நாளைக்குப் பிள்ளையைக் கொண்டுவாருங்கள் என்றார். போனை வைக்குமுன், "கண்டுபிடித்துவிட்டீர்கள், அதுதான் முக்கியம்" என்றார். நான் துணிச் சப்பாத்து மனுசரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதை அந்தப் பெண் பாதியாக்காமல் முழுதாகவே மொழிபெயர்த்தாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் எழும்பி நின்று தலையைக் குனிந்தார்.

வீட்டுக்குப் போனபோது மகள் மேசையில் கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தாள். முன்னால் அந்தப் பிளாஸ்க். சுற்றி வளைக்கவில்லை.

"பிரஷர் ஏறினது சீனத் தூளாலை இல்லை பிள்ளை. மல்லித்தண்ணியாலை. அதுக்குள்ள நான் போட்ட ஒரு வேராலை."

அவள் பேனையைக் கீழே வைத்தாள். "அப்ப நீங்களோ?"

"ஓம். நான்தான். பிழை என்ர."

அவள் எழும்பிப் போய், பிளாஸ்கில் மிஞ்சியிருந்ததைக் குசினித் தொட்டியில் ஊற்றினாள். கடைசிச் சொட்டு விழும்வரை கவிழ்த்துப் பிடித்திருந்தாள். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கணவருக்கு இது நல்ல சந்தர்ப்பம். என்னை மூக்குடைக்க எத்தனை வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஒன்று கிடைக்கும்? அவர் பயன்படுத்தவில்லை. பேணியை இறக்கி மணந்து பார்த்துவிட்டு, "இதை ஒவ்வொரு நாளும் நானும்தானே குடிக்கிறன்" என்றார். மகளின் பிரஷர் பெட்டி அவருடைய கைக்குச் சின்னதாக இருந்ததால், அடுத்த நாள் முதியோர் இல்லத்துக்கு வரவைத்து அளந்தேன். அவருக்கும் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. "இப்ப விளங்குது, நீர் கதைக்கேக்க எனக்கு ஏன் தலை சுத்துது எண்டு" என்றார்.

அந்தக் கிழவியின் மகள், மஞ்சள் பூத் தேநீர்க்காரி, அடுத்த ஞாயிறு தாயைப் பார்க்க வந்தாள். நான் அவளுக்கு ஒரு கோப்பி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள். "அன்றைக்கு உங்களோடு கொஞ்சம் அதிகமாகக் கதைத்துவிட்டேன்" என்றேன். அவள், "இல்லை, நீங்கள் சொன்னது சரிதானே" என்றாள். சரிதான். அதுதான் எனக்குச் சுட்டது.

பிரஷர் முதல் கிழமை அசையவில்லை. இரண்டாம் கிழமை இறங்கத் தொடங்கியது. மாசி முடிகிறபோது இருக்கவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கவில்லை. கன்னமும் வற்றி, மகளின் பழைய முகவாய் திரும்ப வெளியே வந்தது. சீனத் தூளைத் திரும்பத் தொடங்கலாமா என்று கேட்டேன். "அந்த மனிதர் என் கடிதத்தைக் கவனமாக வாசிக்கிறார். ஆகவே எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார் டொக்டர். இப்போது அவர்கள் இரண்டு பேரும் நேரடியாகவே ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறார்கள். நான் நடுவில் தபால்காரி இல்லை. தூள் உண்மையில் உதவுகிறதா? எனக்குத் தெரியாது. டொக்டரும் தெரியாது என்கிறார். பட்டை மஞ்சளாக இருக்கிறது. யாராவது எங்கள் ஆட்கள் என்னிடம் கேட்டால், சேர்த்துக் கொடுக்கலாம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதற்கு முதல் குசினிக்குப் போய் ஒவ்வொரு பேணியையும் திறந்து பார்க்கச் சொல்வேன்.

ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. முன்பு நான் எதை நீட்டினாலும் மகள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக் குடிப்பாள். இப்போது சூப் கொடுத்தாலும், "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்கிறாள். முதல் சில நாள் எனக்கு நெஞ்சு வலித்தது. ஒருநாள் கோபத்தில், "நஞ்சு இருக்கு, குடி" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் குடிக்கவில்லை. பிறகு பழகிக்கொண்டேன். கேட்டால் சொல்கிறேன், உப்புவரைக்கும்.

பங்குனியில் லாகருக்கான தாள் ஒப்பத்தோடு வந்தது. என்னென்ன எடுக்கிறாய் என்ற பட்டியலை அவளே நிரப்பினாள். கோர்ட்டிசோன், எந்தெந்த நாள். சீனத் தூள், எத்தனை பொட்டலம். சிறுநீர்ப் பட்டை. போகிறதற்கு முதல் நாள் பள்ளிக்கூடத்தால் வந்தவள், சப்பாத்தைக் கழற்றும்போது ஒரு தும்மல் தும்மினாள். நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம். இன்னொன்று வரவில்லை. ஆனாலும் அவள் தொண்டையைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, மல்லித்தண்ணி வைச்சுத் தாறீங்களோ?"

தைமாதத்துக்குப் பிறகு அவள் அந்தப் பெயரைச் சொன்னது அன்றுதான். மல்லியும் வேர்க்கொம்பும் மிளகும் கொடுக்கலாம் என்று டொக்டரிடம் எப்போதோ கேட்டு வைத்திருந்தேன், ஆனால் கொடுக்கத் துணியவில்லை. அந்தத் தகரப் பேணியை முன்பே எறிந்துவிட்டிருந்தேன். புதிதாக ஒரு கைப்பிடி மல்லி வறுத்தேன். கோப்பையை மேசையில் வைத்தபோது அவள் முன்னால் லாகர்த் தாள் விரிந்து கிடந்தது. கையில் பேனை.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"மல்லி. வேர்க்கொம்பு. ரெண்டு மிளகு."

எழுதினாள். மிளகுக்கு ஜெர்மன் எழுத்துச் சரிதானா என்று பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"வேற ஒண்டும் இல்லையே? சத்தியமா?"

"சத்தியமா."

இனிப்பே இல்லாத தண்ணி. முகத்தைச் சுழித்துக்கொண்டு, கண்ணை மூடி, அடிவரைக்கும் குடித்தாள்.